மெழுகிட்டுக் காத்த வண்டி

மோட்டார் சைக்கிளைத் துடைக்க உட்காரும் முன்பு அக்கா தன் கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, சமையலறை வாசல் ஆணியில் மாட்டிவைப்பாள். மோதிரத்தைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொள்வாள். வளையல் உரசினால் பெயிண்டில் கீறல் விழும், அதுதான் காரணம். காரணம் எனக்கும் தெரியும். ஆனால் புருஷனை யுத்தத்துக்கு அனுப்பிவிட்டு ஒருத்தி வெறுங்கையோடு முற்றத்தில் உட்கார்ந்திருந்தால், தெருவில் போகிறவர்களுக்குக் காரணமா தெரியும்? ஆணியில் வளையல் கிணுகிணுக்கும் சத்தம் கேட்டாலே கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிவருவேன். "ஒண்ணாவது கையில இருக்கட்டும்க்கா" என்று கெஞ்சுவேன். "கீறல் போட ஒண்ணு போதும்டி" என்பாள். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் ஒரு மஞ்சள் துணியைக் கிழித்து அவளுடைய இரண்டு மணிக்கட்டிலும் கட்டிவிட்டேன். "இன்னாடி இது, கன்னுக்குட்டிக்குக் கட்டற மாதிரி?" என்று சிரித்தாள். ஆனால் அவிழ்க்கவில்லை.

அக்கா என்றால் கூடப்பிறந்தவள் இல்லை. என் கணவரின் அண்ணன் மனைவி. அண்ணனை நான் மாமா என்று கூப்பிடுவேன். ஜோகுபாளையத்தில் ஓட்டு வீடு ஒன்றில் இரண்டு குடும்பமும் ஒன்றாக இருந்தோம். அவர்களுக்குக் குழந்தை இல்லை, எனக்கு இரண்டு. என் வீட்டுக்காரர் மில்லுக்குப் போய்வந்தார். மாமா கண்டோன்மெண்டில் ஒரு மோட்டார் பட்டறையில் வேலை பார்த்தார். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். உலகம் எனக்கு அதிகம் தெரியாது. தெரியாததனாலேயே எதற்கெடுத்தாலும் பயம். பால் பொங்கினால் பயம், பொங்காவிட்டாலும் பயம் என்று மாமா கேலி செய்வார்.

சீமைக்குத் திரும்பிப்போன ஒரு துரை, பழுதாகிக் கிடந்த வண்டியைப் பட்டறையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். மாமா அதை எப்படியோ உயிர்ப்பித்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். கறுப்பு வண்டி. பெட்ரோல் டாங்கின் இரண்டு பக்கமும் தங்க நிறத்தில் மெல்லிய கோடு. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார். வேறு யாரையும் தொட விடமாட்டார். துடைத்து முடித்ததும் டாங்கில் முகம் பார்த்து மீசையைத் தடவிக்கொள்வார். "உங்கக்கா தேய்க்கிற பாத்திரத்தவிட இதுல என் மூஞ்சி நல்லாத் தெரியுது பாரு" என்பார் என்னிடம். "அப்ப மத்தியானம் அதுங்கிட்டயே சோறு கேளுங்க" என்று உள்ளே இருந்து பதில் வரும். அந்த வீட்டில் எனக்குப் பயமில்லாமல் கழிந்த நேரம் என்று ஏதாவது இருந்தால், அது அந்த ஞாயிறு காலைகள்தான்.

யுத்தம் வந்தது. வண்டி ஓட்டத் தெரிந்தவர்களைப் பட்டாளத்தில் வாரிக்கொண்டார்கள். ஒரு முகாமிலிருந்து இன்னொரு முகாமுக்கு மோட்டார் சைக்கிளில் உத்தரவு கொண்டுபோகும் வேலை மாமாவுக்கு. எகிப்துப் பக்கம் பாலைவனத்துக்கு அனுப்பினார்கள். பிரசங்கத்தில் கேட்டதைத் தவிர எகிப்தைப்பற்றி எங்களுக்கு என்ன தெரியும்? ரயிலடியில் அக்காவிடம் அவர் வேறு ஏதாவது சொல்லுவார் என்று நாங்கள் இரண்டடி தள்ளி நின்றோம். அத்தனை கூட்டத்தில் அவருக்கு என்ன தோன்றியதோ, "வண்டி மேல மண்ணு ஏறவிடாத. அப்புறம் பெயிண்ட் போயிடும்" என்றார். அக்கா தலையாட்டினாள். அந்த ஒரு சொல்லைத்தான் அவள் பிடித்துக்கொண்டாள். வண்டி எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும் வரைக்கும் போனவரும் எப்படிப் போனாரோ அப்படியே திரும்பி வருவார் என்று அவள் நம்பினாள். வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலேயே நானும் நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

சக்கரங்களுக்குக் கீழே செங்கல் முட்டுக்கொடுத்து வண்டியைத் தாழ்வாரத்தில் நிறுத்திவைத்தோம். ஓட்டாத வண்டிக்கு எங்கிருந்து தூசி வரும் என்று கேட்கலாம். பட்டாள லாரிகள் பழைய மெட்ராஸ் ரோட்டில் போய்வந்தபடி இருந்த காலம் அது. சோற்றில்கூடச் செம்மண் வாசனை அடிக்கும். காய்ந்த தூசியைத் துணியால் துடைத்தால் அதுவே உப்புத்தாள் மாதிரி பெயிண்டை அறுத்துவிடும் என்று மாமா சொல்லக் கேட்டிருந்தாள். அதனால் முதலில் செம்பால் தண்ணீரை மெதுவாக ஊற்றி மண்ணைத் தானாக இறங்க விடுவாள். சவுக்காரம் போடமாட்டாள். பூந்திக்கொட்டையை ஊறவைத்த நுரையில் மாமாவின் பழைய வேட்டித் துண்டை நனைத்து, மேலே டாங்கில் தொடங்கிக் கீழே மட்கார்டு வரைக்கும் வருவாள். கீழே துடைத்த துணி மறுபடி மேலே போகாது. மழைக்காலத்தில் தார்ப்பாயை நேரே வண்டிமேல் போடமாட்டாள். ஈரம் உள்ளேயே நின்று பெயிண்டில் கொப்புளம் கிளம்பும். அடியில் ஒரு பழைய போர்வையைப் போட்டு, வெயில் தலைகாட்டியதும் இரண்டையும் உதறி உலர்த்துவாள்.

பால் ஊற்ற வரும் கன்னடக்கார அம்மா ஒருநாள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஏன்ம்மா, யஜமானரு இல்லாத வண்டிக்கு இத்தனி சிங்காரமா?"

"வர்றவரு கண்ணுல மொதல்ல இதுதான படும்" என்றாள் அக்கா.

"வரட்டும், மகராசனா வரட்டும். ஆனா நீ வளையலப் போட்டுக்கினு தொடைம்மா. பாக்கறதுக்கே எனக்கு எப்படியோ ஆவுது."

மாமா வைத்திருந்த மெழுகு டப்பா சீக்கிரமே தீர்ந்துபோனது. கடையில் கேட்டால், அதெல்லாம் கப்பலில் வந்தால்தானே என்று கையை விரித்தார்கள். அக்கா நேரே பீடத்தைக் கவனித்துக்கொள்கிற கோயில்பிள்ளையிடம் போய், அங்கே எரியும் தேன்மெழுகு வத்தியில் உருகி வழிந்ததைச் சுரண்டிக்கொள்ளலாமா என்று கேட்டுவிட்டாள். அவரும் ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிட்டார். எனக்கு மனசு ஒப்பவில்லை. தேவனுக்கு எரிந்த மெழுகை மோட்டார் வண்டிக்குப் பூசினால் எங்கே போய் நிற்கும் என்று தூக்கம் போயிற்று. பூசை முடிந்து பங்குச் சாமியாரிடமே கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "தேனீக்கு ஆட்சேபனை இல்லேன்னா எனக்கும் இல்லம்மா" என்றார்.

மெழுகைத் தகர டப்பாவில் போட்டு, கொதிக்கிற தண்ணீரில் டப்பாவை இறக்கி உருக்குவாள். உருகியதும் முற்றத்தின் மறுகோடிக்குக் கொண்டுபோய், அடுப்பு அனல் படாத இடத்தில் டர்பெண்டைன் கலப்பாள். அது பற்றிக்கொள்ளும் என்று யாரோ சொல்லிவைத்ததால், நான் குழந்தைகளை அடுத்த வீட்டில் விட்டுவிட்டு ஈரச் சாக்கோடு பக்கத்திலேயே நிற்பேன். ஆறியபின் அது வெண்ணெய் மாதிரி இருக்கும். துணியில் துளி எடுத்துப் பட்டும் படாமலும் பூசி, பனி படர்ந்த கண்ணாடி போல மங்கும் வரைக்கும் விட்டு, பிறகு கம்பளித் துணியால் தேய்ப்பாள். மங்கலுக்குள்ளிருந்து முதலில் தங்கக் கோடு வரும். அப்புறம் கறுப்பு வரும். கடைசியில் அவள் முகம் வரும்.

முடிந்ததும் விரல் நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளிப்பாள். துளி முத்தாக உருண்டு நின்றால் மெழுகு பிடித்திருக்கிறது. பரவினால் போதவில்லை, மறுபடி பூச வேண்டும். மாதக்கணக்கில் மாமாவிடமிருந்து ஒரு சேதியும் வராமல் இருந்தபோது, அந்தச் சொட்டைப் பார்க்க நானும் பக்கத்தில் வந்து குனிந்துகொள்வேன். உருண்டு நின்றால் இரண்டு பேருமே மூச்சு விடுவோம். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அவரவர் வேலைக்குப் போய்விடுவோம்.

கிழக்கே விமானங்களைப் பழுது பார்க்கும் இடம் இருந்தது. அங்கிருந்து கிளம்புகிற விமானங்கள் எங்கள் ஓட்டுக்கு மேலேதான் போகும். எனக்கு ஒவ்வொன்றும் குண்டு போட வருவதாகவே தோன்றும். குழந்தைகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவேன். அக்கா மட்டும் துணியைக் கையில் வைத்தபடி அண்ணாந்து பார்ப்பாள். "நம்ம பிளேன்டி. நம்மூர்ல ரிப்பேர் பண்ணி பட்டாளத்துக்கு அனுப்பறாங்க. மாமா தலைக்கு மேல கூடப் போகும், யார் கண்டா" என்பாள்.

யுத்தம் முடிந்து மாமா வந்தார். கை கால் எல்லாம் சரியாக இருந்தன. முகம்தான் வற்றியிருந்தது. தெருவே வாசலில் கூடிவிட்டது. பால்கார அம்மா அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அக்கா புதுப்புடவை கட்டியிருந்தாள். விடியுமுன்பே வண்டியைத் தேய்த்து, என் வீட்டுக்காரரை விட்டு முற்றத்துக்கு நடுவில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள். அவர் காப்பி குடித்து முடிக்கும் வரைக்கும்கூட அவளால் பொறுக்க முடியவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், போர்வையை உருவினாள். காலை வெயிலில் கண் கூசியது. ஒரு கீறல் இல்லை. ஊர்ப் பெண்கள் 'அப்பாடி' என்றார்கள். அக்கா செம்பிலிருந்து ஒரு சொட்டு எடுத்து டாங்கில் தெளித்தாள். துளி உருண்டு நின்றது. அவர் அந்தத் துளியையே பார்த்தார். "யார் இதத் தொடச்சது?" என்றார் கடைசியில். அக்கா, பாராட்டு வரப்போகிறது என்று நினைத்துத் தலை குனிந்தாள்.

அப்போதுதான் கிழக்கேயிருந்து விமானச் சத்தம் கேட்டது. வழக்கமாகக் கேட்கிற சத்தம்தான். மாமா வானத்தைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். அக்காவைத் தோளைப் பிடித்துத் தரையில் தள்ளினார். குழாயடிச் சேற்றை இரண்டு கையாலும் அள்ளி டாங்கில் அப்பினார், மட்கார்டில் அப்பினார், விளக்குக் கண்ணாடியில் அப்பினார். "மின்னுது, மின்னுது, மூடு" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். நான் எதை மூடுவேன்? விமானம் கடந்துபோனது. அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். கூடியிருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கலைந்து போனார்கள். அக்கா புதுப்புடவையில் மண்ணோடு எழுந்து உட்கார்ந்தாள்.

பிறகு ஒருநாள் மாமா என் வீட்டுக்காரரிடம் மட்டும் கொஞ்சம் சொன்னாராம். பாலைவனத்தில் இரண்டு வண்டிகளாகத்தான் போவார்களாம். வெயிலில் மின்னினால் எதிரி விமானத்துக்குத் தெரிந்துவிடும் என்று வண்டிக்குப் பளபளப்பே இருக்கக் கூடாதாம். "கூட வந்தவன் அன்னைக்குத்தான் வண்டியக் கழுவியிருந்தான்" என்றாராம். சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாராம்.

அக்கா விட்டுக்கொடுக்கவில்லை. சேற்றைக் காய விட்டால் பெயிண்ட் போய்விடும் என்று உடனே கழுவினாள். மறுநாள் விமானம் வந்தது, மறுபடி சேறு. மறுபடி கழுவினாள். போர்வையால் மூடிவைத்தால் மாமா போர்வையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். "வேற எங்கயாவது கொண்டுபோய் விட்டுடலாம் அண்ணி" என்றார் என் வீட்டுக்காரர். "போனா திரும்பி வராதே தம்பி" என்றாள் அவள். மாமா முற்றத்துக்கு வருவதே நின்றுபோனது. அறைக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அவருக்குத் தலைவலி என்று வருகிறவர்களிடம் சொல்லுவோம். சமையலறையில் என்னோடு முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தபோது, அக்கா திடீரென்று, "அவரு இன்னும் வரல, இல்லடி?" என்றாள். பிழிந்த முறுக்கை எண்ணெயில் போடாமல் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.

அதற்குச் சில நாள் கழித்து ஒரு காலையில், அவள் மண்ணெண்ணெயில் துணியை நனைத்து வண்டியின் மெழுகையெல்லாம் வழித்து எடுத்தாள். எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. பிறகு அடுப்புச் சாம்பலையும் செங்கல் தூளையும் ஒரு தட்டில் குழைத்துக்கொண்டு, தேங்காய் நாரால் டாங்கைத் தேய்க்க ஆரம்பித்தாள். அந்தக் கர்கர் சத்தத்தில் எனக்குப் பல் கூசியது. ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். "விடுடி" என்றாள். அவ்வளவுதான். தங்கக் கோடு முதலில் போயிற்று. கறுப்பு வெளுத்துச் சாம்பலாயிற்று. எப்போதும்போல மேலிருந்து கீழே, ஒரு இடத்தையும் விடாமல் தேய்த்தாள்.

சத்தம் கேட்டு மாமா வாசல்படிக்கு வந்தார். வெகுநேரம் நின்றார். அப்புறம் இறங்கி வந்து, அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். வந்த நாளிலிருந்து அவர் தானாக அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"அங்க இன்னும் மின்னுது" என்றார்.

"எங்கங்க?"

"விளக்குக்குக் கீழ."

அவள் தேய்த்தாள். அவர் குனிந்து பார்த்தார். தானும் கொஞ்சம் நாரைக் கிள்ளி எடுத்துக்கொண்டு மட்கார்டில் தொடங்கினார். வெயில் ஏறிற்று. கிழக்கேயிருந்து விமானம் வந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. மாமா தலையைத் தூக்கி வண்டியை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். வானத்தைப் பார்க்கவில்லை. "காப்பி இருக்குதா?" என்று கேட்டார். அக்கா எழுந்து உள்ளே வந்தாள். பாலை அடுப்பில் வைத்துவிட்டு, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். அந்தப் பக்கம் கேட்டுவிடாமல் இருக்க நான் பாத்திரங்களை உருட்டினேன்.

அதற்குப் பிறகு அவர் முற்றத்துக்கு வந்தார், பட்டறைக்கும் போனார். சிரிப்பு மட்டும் திரும்பவில்லை. வண்டி துருப்பிடித்துத் தாழ்வாரத்திலேயே நின்றது. இருவரும் இப்போது இல்லை. என் மகன் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கியிருக்கிறான். லீவு நாளில் டப்பா மெழுகைப் பூசி, தேய்த்து, வாசலில் வெயிலில் நிறுத்திவிட்டு, "வந்து பாரும்மா, மூஞ்சி தெரியுது" என்று கூப்பிடுகிறான். நல்லாருக்குதுப்பா என்கிறேன். நிழலில் தள்ளி நிறுத்து என்கிறேன். ஏன் என்றால், வெயிலில் நின்றால் பெயிண்ட் வெளுத்துவிடும் என்று சொல்லிவிடுகிறேன்.