பாடகர் இல்லாத கச்சேரி

எங்கள் தெரு முனையில் பூ விற்கும் அம்மாள் என்னை வயலின் பெட்டியோடு பார்த்தால் ஒரே கேள்விதான் கேட்பாள். "இன்னிக்கு யாரு கச்சேரிக்கா?" நானும் முப்பது வருடமாக ஏதாவது ஒரு பாடகரின் பெயரைச் சொல்லிவிட்டு, இரண்டு முழம் மல்லிகை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு ஆட்டோ ஏறுவேன். அந்தக் கேள்வியில் ஒரு தப்பும் கிடையாது. கச்சேரி என்றால் பாடுகிறவருடையதுதான். நான் பக்கவாத்தியம்.

பக்கவாத்தியம் என்பதை நான் ஒருநாளும் குறைவாக நினைத்ததில்லை. பாடகர் மூச்சு இழுக்கும்போதே அடுத்து எந்தப் பக்கம் திரும்புவார் என்று என் விரலுக்குத் தெரிந்துவிடும். அவர் ஒரு சங்கதி போட்டால், கண் இமைக்கும் நேரம் பின்னால் அதே சங்கதி என் வில்லில் இருக்கும். அவர் தடுமாறினால் அதைச் சபைக்குத் தெரியாமல் மூடிவிடுவேன். இதில் எனக்குக் கர்வம் உண்டு, இல்லை என்றால் பொய். நெசவாளர் வீட்டில் பிறந்து, நெசவாளர் வீட்டிலேயே வாழ்க்கைப்பட்டு, தறிச் சத்தத்துக்கு நடுவே சாதகம் செய்து, சென்னையின் பெரிய மேடைகள் வரை போனவள் நான். ஆனால் போஸ்டரில் பாடகரின் பெயர் தெருக்கோடியிலிருந்தே தெரியும். என் பெயரைப் படிக்கக் கிட்டே போக வேண்டும். அதுவும் உண்மைதான்.

இப்படிப்பட்டவளிடம் அந்த இசை வந்து சேர்ந்தது ஒரு மத்தியானம், கொத்தவரங்காய் நறுக்கும்போது. போனில் ஒரு பழைய வயலின் ஆலாபனை ஓடிக்கொண்டிருந்தது. அது முடிந்ததும் போன் தானாகவே வேறொன்றைப் போட்டது. கையெல்லாம் ஈரம், அதனால் நிறுத்தவில்லை. வெள்ளைக்காரர்கள் நாலு பேர் அரைவட்டமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு வயலின், வயலினுக்கு அக்கா மாதிரி கொஞ்சம் பெரிதாக ஒரு வயோலா, முழங்காலுக்கு நடுவில் நிறுத்தி வாசிக்கும் ஒரு செல்லோ. பாடகர் வரும்வரை பொழுதுபோகாமல் என்னவோ வாசிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவர் எப்போது வருவார் என்று பார்த்துக்கொண்டே நறுக்கினேன். காய் முழுக்க முடிந்தது. நாலு பேரும் எழுந்து குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்கள். பாடகர் வரவே இல்லை.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. என் பிழைப்பு என் புத்தியை எந்த அளவுக்குப் பிடித்து வைத்திருக்கிறது, பாருங்கள். கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து போட்டேன். இந்தத் தடவை யாரையும் எதிர்பார்க்காமல் கேட்டேன்.

முதலில் ராகம் பிடிக்கப் பார்த்தேன், அது கைக்கு அகப்படவில்லை. சுபபந்துவராளி என்று நினைத்து உட்காருவதற்குள் அது வேறு எங்கோ போய்விடும். கொஞ்ச நேரம் கழித்துத்தான் விஷயம் புரிந்தது. நம் இசையில் ஷட்ஜம் என்பது வீட்டுக்கு அஸ்திவாரம், தம்புரா அதை விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். இதை எழுதின மனிதர் ஷட்ஜத்தையே மூட்டை கட்டி வேறு வீட்டுக்குக் குடி மாற்றுகிறார். புது வீட்டில் நாம் சுதாரித்து உட்கார்ந்தால் அங்கிருந்தும் கிளப்பிவிடுகிறார். கடைசியில் ஒருவழியாகப் பழைய வீட்டுக் கதவைத் திறக்கும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மூன்றாவது பகுதிதான் என்னை ஆளையே அடித்துப் போட்டது. நிதானமான நடை. மற்ற மூவரும் வில்லை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருக்க, இரண்டாவது வயலின்காரி தன்னந்தனியாக ஆரம்பிக்கிறாள். யாருக்குப் பின்னாலும் போகவில்லை, யாருக்கும் பதில் சொல்லவில்லை. அவள் பாட்டுக்கு வாசிக்கிறாள், மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்துகொள்கிறார்கள். இதை ஒரு நாளாவது நான் வாசித்தாக வேண்டும் என்று அன்றைக்கே எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது.

இதை எழுதினவரைப் பற்றித் தேடினேன். நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது அவர் காலமாகி. குளிர்ப் பிரதேசத்து ஊர் ஒன்றில் ஆர்கெஸ்ட்ராவில் வயோலா வாசித்துப் பிழைத்தவர். அதே ஊரில் அவரைவிடப் பெரிய பெயர் எடுத்த ஒருவர் இருந்திருக்கிறார், இவரைப் பற்றிப் பேசுகிற இடத்திலெல்லாம் அவருடைய பெயர்தான் முதலில் வருகிறது. பெரிய தாடி வைத்த போட்டோ ஒன்று கிடைத்தது. பெயரை நாங்கள் நாலு பேரும் நாலு விதமாகச் சொன்னதால் கடைசியில் தாடிக்காரர் என்றே வைத்துக்கொண்டோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

நாலு பேர் என்றேன். முதல் ஆள் செல்லோக்காரர். சினிமா ரெக்கார்டிங்கில் பல வருடம் வாசித்துவிட்டு, மனைவியின் ஊர் என்று எங்கள் ஊரில், சின்ன காஞ்சிபுரத்தில் குடியேறியிருந்தார். அவர் வாசித்ததைக் கேட்காத காது தமிழ்நாட்டில் இருக்காது, அவரைத் தெரிந்தவர்தான் கிடையாது. வீடு தேடிப் போய்ப் போனை நீட்டினேன். கேட்டு முடித்தவர், "நோட்ஸ் எல்லாம் நெட்லயே கிடைக்குது மேடம். வாசிக்கத்தான் ஆளில்லை," என்றார்.

ஆள் பிடிப்பது என் பொறுப்பாயிற்று. பள்ளிக்கூடத்தில் இசை சொல்லிக்கொடுக்கும் டீச்சர் ஒருத்தி முதல் வயலினுக்கு ஒப்புக்கொண்டாள், அவளும் என்னைப் போல் பாடகர்களுக்கு வாசிப்பவள்தான். நாட்டியத்துக்கு வயலின் வாசிக்கும் ஒருவர் பக்கத்து ஊரான தாமலிலிருந்து பஸ்ஸில் வருவார். அவர் கையில் செல்லோக்காரர் ஒரு வயோலாவை வாங்கிக் கொடுத்தார். இரண்டாவது வயலினை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்காருவோம். பக்கத்து அறையில் என் வீட்டுக்காரர் தறியில் இருப்பார், முகூர்த்தக் காலம் என்றால் அவருக்கு ஞாயிறும் கிடையாது. ஐரோப்பிய முறைப்படி தந்திகளுக்குச் சுருதி மாற்றியதும் எங்கள் விரல்களுக்கு வழி மறந்துவிட்டது. கோடு போட்ட நோட்ஸ் படிக்க இந்த வயதில் அ, ஆ கற்பதுபோல் ஒரு வருடம் கற்றோம். நேராக நிற்க வேண்டிய ஸ்வரத்தை டீச்சர் பழக்க தோஷத்தில் கமகம் போட்டு அசைத்துவிடுவாள். "ஆட்டாதீங்க மேடம், அது நிக்கணும்," என்று செல்லோக்காரர் கெஞ்சுவார். ஒரே ஒரு இடத்தில் மட்டும் நான் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு விரலை வழுக்கி ஒரு சின்ன ஜாரு விட்டேன், அதை எடுக்கவே மாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன். தாடிக்காரர் வந்து கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

இதெல்லாம் சமாளித்தும் ஒன்று மட்டும் சரிவரவில்லை. எதை எடுத்தாலும் இழுத்துக்கொண்டே போனது. எடுப்பில் ஒரு வேகம் இருக்கும், முடிப்பதற்குள் ஜவ்வாகிவிடும். தாளக்கருவி ஒன்றைப் போனில் ஓடவிட்டுப் பார்த்தோம், அதற்கும் பின்னால்தான் போனோம். ஒருநாள் வீட்டுக்காரர் தறியை நிறுத்திவிட்டு வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றார்.

"இன்னாமா இது? நாலு பேரும் வாசல்ல நின்னுக்கினு, நீங்க போங்க, நீங்க போங்கன்னுக்கினு இருக்கீங்க. ஒருத்தர் உள்ள வந்தா தேவலைபா," என்றார்.

அவருக்குச் சங்கீதத்தில் அவ்வளவு ஈடுபாடு கிடையாது, என்னைக் கிண்டல் செய்வதில் உண்டு. ஆனால் நாங்கள் நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். டீச்சர் நான் ஆரம்பிக்கட்டும் என்று காத்திருக்கிறாள், நான் வயோலாக்காரருக்காக, அவர் செல்லோவுக்காக. நாலு பேருமே ஆயுள் முழுக்கக் கண் இமைக்கும் நேரம் பின்னால் போய்ப் பேர் வாங்கினவர்கள். முன்னால் போக ஆளே இல்லை. அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் டிபனுக்கு வைத்திருந்த கோயில் இட்லி ஆறிப்போனது.

காரணம் தெரிந்ததும் மற்றவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினார்கள். மூச்சு எடுத்து, தலையசைத்து, ஒன்றாக இறங்கப் பழகினோம். மூன்றாவது பகுதிக்கு அந்த வழி உதவாது. அங்கே நான் மட்டும்தான். வில்லைத் தந்தியில் வைப்பேன், கை நகராது. காது ஒரு குரலைத் தேடிக்கொண்டு நிற்கும். என்ன செய்வது என்று தெரியாமல் நான் திருதிருவென்று விழிக்க, செல்லோக்காரர் மெதுவாக முதல் ஸ்வரத்தை முனகிக் காட்டுவார். உடனே கை ஓடும். மேடையில் யாரும் முனகமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கின இடம். அதுவே என்னால் முடியவில்லையே என்று அடுப்படியில் நின்று அழுதிருக்கிறேன்.

ஊரில் மாதம் ஒரு கச்சேரி வைக்கும் சிறிய சபா ஒன்று உண்டு. அதன் செயலாளரிடம் பேசி ஒரு தேதி வாங்கினேன்.

"பிரதானக் கலைஞர் யாருமா? போஸ்டருக்குப் பேரு வேணும்," என்றார் அவர்.

"நாலு பேருமே."

"அதெப்படிமா? மேல ஒண்ணு பெருசா, கீழ மூணு சின்னதா. அப்படித்தானே எப்பவும் போடுறோம்?"

"இந்தத் தடவை நாலும் ஒரே அளவு. இல்லைன்னா போஸ்டரே வேணாம்," என்றேன். எனக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, மெதுவாகிவிடும். அது அவருக்குத் தெரியும்.

தேதி நெருங்கும்போது பெரிய பாடகர் ஒருவர் சென்னையிலிருந்து போன் செய்தார். பல வருடமாக நான் வாசிப்பது அவருக்குத்தான். நல்ல வித்வான், என்னிடம் மரியாதை தவறாதவர். அதே நாள், அதே மாலை, சென்னையில் பெரிய மேடை, வந்துவிடுங்கள் என்றார். அவருக்கு நான் முடியாது என்று சொன்னதே கிடையாது. சொன்னால் அந்த இடத்தில் வேறொருவர் உட்காருவார், பிறகு எப்போதும் அவரே உட்காருவார். இதுதான் எங்கள் தொழில். இங்கேயோ, கை நகருமா என்றே தெரியாத ஒரு கச்சேரி.

"அன்னிக்கு எனக்குக் கச்சேரி இருக்குதுங்க," என்றேன்.

"அப்படியா? யாருக்கு வாசிக்கிறீங்க?"

எல்லோரும் எங்களிடம் கேட்கிற கேள்விதான். "உள்ளூர்ல ஒண்ணுங்க," என்று மழுப்பினேன். போனை வைத்ததும் என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

அன்று மாலை மாம்பழ நிறப் பட்டு உடுத்திக்கொண்டேன், வீட்டுத் தறியில் நெய்தது. தெரு முனையில் பூக்காரம்மாள் வழக்கம்போல் கேட்டாள். "யாரு கச்சேரிக்கா?" வாய் வழக்கம்போல் அந்தப் பாடகரின் பெயரைச் சொல்லிவிட்டது. ஆட்டோ ராஜவீதி திரும்பிய பிறகுதான் சொன்னது உறைத்தது.

கல்யாண மண்டபத்து மாடியில் பாதி நாற்காலிகள் நிறைந்திருந்தன. நாங்கள் மூன்று பேர் ஜமக்காளத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தோம், செல்லோக்காரர் தாழ்வான முக்காலியில். அரைவட்டத்தின் நடுவில் யாரும் இல்லை. முன்வரிசையில் ஒரு பெரியவர் அடிக்கடி கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். யாரைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரியும்.

இரண்டு பகுதிகள் முடிந்தன. மூன்றாவதற்கு மூவரும் வில்லை மடியில் வைத்துக்கொண்டார்கள். நான் வில்லைத் தந்தியில் வைத்தேன். வழக்கம்போல் காது குரலைத் தேடியது. குரல் இல்லை. மேலே மின்விசிறிச் சத்தம் மட்டும். பெரியவர் மறுபடி கதவைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அவர்மேல் பொல்லாத ரோஷம் வந்தது. ஐயா, யாரும் வரமாட்டார்கள், இங்கே பாருங்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு மூச்சை இழுத்தேன், கை போயிற்று. முதல் ஸ்வரம் ஆடாமல் நின்றது. அதற்குப் பிறகு எனக்குப் பயம் இல்லை. டீச்சர் வந்து சேர்ந்தாள், வயோலா வந்தது, செல்லோ வந்தது. நான் முன்னால் போய்க்கொண்டிருந்தேன், அவர்கள் என்னோடு வந்தார்கள். என் ஜாருவும் அதன் இடத்தில் சரியாக விழுந்தது. கடைசியில் தாடிக்காரர் பழைய வீட்டுக் கதவைத் திறந்தபோது பார்த்தேன், பெரியவர் கதவை மறந்து கண்ணை மூடியிருந்தார். தாடிக்காரரை இந்தத் தேசத்தில் வேறு யாராவது வாசித்தார்களா, எனக்குத் தெரியாது. காஞ்சிபுரத்தில் வாசித்தாயிற்று.

அந்தப் பாடகரிடமிருந்து அதற்கப்புறம் போன் வரவில்லை. வருத்தம் இல்லை என்று சொல்லமாட்டேன். இன்னொரு முறை அதே தேதி, அதே போன் வந்தாலும் என் பதில் அதுதான்.

அன்று திரும்பும்போது ஆட்டோவைத் தெரு முனையிலேயே நிறுத்தி இறங்கினேன். பூக்காரம்மாள் மிச்சப் பூவை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"சாயங்காலம் உன்கிட்ட தப்பா சொல்லிட்டேன்மா. அவரு கச்சேரி இல்ல."

"பின்ன யாரு பாடினாங்க?"

"யாரும் பாடலை. எங்க கச்சேரி. நாலு பேரு வாசிச்சோம்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பாட ஆளே இல்லையா? அப்ப யாரு ஆரம்பிச்சாங்க?"

"நான்தான்," என்றேன்.