பழைய கூட்டில் ஒரு பிடி

எலிக்குப் பயந்தவள் நான். கிள்ளானில் எங்கள் அடுக்குமாடிச் சாக்கடை ஓரம் எலி ஓடினால் நாற்காலி மேல் ஏறி நிற்பேன். அப்படிப்பட்டவள் முதுகலை ஆராய்ச்சிக்கு எலியைத் தேர்ந்தெடுத்தேன் என்றால், வேறு எந்தப் பேராசிரியரும் இடம் தரவில்லை என்று அர்த்தம். பல்கலைக்கழகத்துக்கு இரண்டு ரயில், ஒரு பஸ். பிரிக்பீல்ட்ஸில் ரயில் மாறும்போதே அன்றைய தெம்பில் பாதி போயிருக்கும்.

முதல் நாளே ஒரு தாளைக் கொடுத்தார்கள். அதில் ஐந்து கட்டங்கள்: பிடித்தல், எடை போடுதல், ஊசி போடுதல், கூண்டு மாற்றுதல், கொல்லுதல். ஐந்திலும் கையெழுத்து விழுந்தால்தான் ஆராய்ச்சி. மூன்று மாதத்தில் விழாவிட்டால் என் இடம் இன்னொருவருக்குப் போய்விடும். கையெழுத்துப் போட வேண்டியவர் விலங்குக் கூடத்தைப் பார்த்துக்கொண்ட பூச்சோங் ஊர்க்கார அண்ணன். நல்ல மனிதர்தான். ஆனால் எதையும் இரண்டாம் முறை சொல்லமாட்டார்.

"வால் அடியைப் பிடி மா. நுனியைப் பிடிச்சா தோல் உரிஞ்சி வந்துடும். கடிச்சா கத்தாத, அதுங்களுக்கு ஸ்ட்ரெஸ் ஆயிடும் லா."

எனக்கு ஆகாதா என்ற கேள்வி வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். கையுறையைத் தாண்டி எத்தனை கடி வாங்கினேன் என்று கணக்கில்லை. எப்படியோ ஒரு மாதத்தில் மூன்று கையெழுத்து வாங்கிவிட்டேன்.

அந்தச் சமயம்தான் அக்கா பிரசவத்துக்காக எங்கள் வீட்டுக்கு வந்து பெண் குழந்தை பெற்றிருந்தாள். அம்மா தினமும் விரிப்பை மாற்றினாள், துணிகளை வெந்நீரில் அலசினாள், வெள்ளிக்கிழமையானால் வீட்டையே கழுவிவிட்டாள். பிள்ளை பெற்றவள் இருக்கும் இடத்தில் தூசு இருக்கக்கூடாது என்பது அவள் சட்டம்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, குட்டி போட்டிருந்த ஒரு தாயின் கூண்டை மாற்றச் சொன்னார் அண்ணன். எட்டுக் குட்டிகள், பிறந்து ஐந்து நாள். ஓடு உரித்த நிலக்கடலை நிறத்தில், கட்டைவிரல் நுனி அளவில், ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. தாய் கூடு கட்டியிருந்த பழைய டிஷ்யூவிலிருந்து ஒரு பிடி எடுத்துப் புதியதில் போட வேண்டும் என்று அவர் ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லியிருந்தார். நான் மறக்கவில்லை. மறந்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். அந்த டிஷ்யூ மூத்திரத்தில் ஊறி மஞ்சளாகி நாறியது. பச்சைப் பிள்ளைக்காரிக்கு இதையா போடுவது என்று நினைத்து, எல்லாவற்றையும் குப்பையில் கொட்டினேன். புது மரத்தூள், புது டிஷ்யூ என்று மெத்தென்று பரப்பிக் குட்டிகளை நடுவில் வைத்தேன். அன்று ரயிலில் எனக்கே என்னைப் பிடித்திருந்தது.

சனிக்கிழமை காலை கூண்டில் தாய் மட்டும் இருந்தது. சுத்தமான டிஷ்யூவில் ஒரு துளி ரத்தமும், ஒரு குட்டியின் பின்னங்காலும். தாய் மூலையில் உட்கார்ந்து முகம் துடைத்துக்கொண்டிருந்தது.

"எல்லாத்தையும் மாத்திட்டியா?" என்றார் அண்ணன். தலையாட்டினேன். "அதோட வாசனை இல்லன்னா சிலது தன் குட்டின்னே பாக்காது மா. தின்னுடும்." கூண்டு அட்டையில் எட்டை அடித்துப் பூஜ்யம் போட்டார். அதட்டவில்லை. அதட்டியிருந்தால் அழுதிருப்பேன்.

அடுத்த வாரம் வேறொரு தாய், மறுபடி எட்டுக் குட்டிகள். இந்த முறை நாறுகிற அந்தப் பழைய டிஷ்யூவை ஒரு பிடி அள்ளி, பொன்னைப் போல் கொண்டுபோய் வைத்தேன். மறுநாள் போனதும் முதல் வேலையாகக் குட்டிகளை எண்ணினேன். எட்டும் இருந்தன. தாய் அவற்றின்மேல் படுத்திருந்தது. அதன்பின் தினமும் முதலில் அந்தக் கூண்டைத்தான் பார்ப்பேன். முடி முளைத்தது, கண் திறந்தது, என் கையில் ஏறி விளையாடின. அவற்றில் ஒன்றுகூட என்னைக் கடிக்கவில்லை.

மூன்றரை வாரத்தில் அண்ணன் அந்தக் கூண்டையே என் முன் கொண்டுவந்து வைத்தார். "இதுல அஞ்சு ஆணு. யாருக்கும் தேவையில்ல. உனக்கு அந்த அஞ்சாவது பாக்ஸ் பாக்கி இருக்குல்ல, இதுலயே பண்ணிடு மா."

வேறு எலிகள் இல்லையா என்று கேட்டேன். "எல்லாம் எலிதானே" என்றார். அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. மயக்கம் கொடுத்து, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிடரியில் பதிய, வாலைப் பிடித்து ஒரே இழுப்பு; கழுத்து முறிந்துவிடும். முதலாவதுக்கு மட்டும் கை தடுமாறியது. ஐந்தாவது சுலபமாகப் போனது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கூண்டு மாற்றிக் காப்பாற்றியதற்கும் கொன்றதற்கும் ஒரே நாளில், ஒரே பேனாவால் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை என் பெயரில் நாற்பது எலிகள் வருகின்றன என்றார்.

வீட்டில் அம்மா கேசரி கிண்டியிருந்தாள். அக்கா குழந்தையை நீட்டி, "கழுத்து இன்னும் நிக்கல, பாத்துப் புடி" என்றாள். வாங்கினேன். என் விரல்கள் தாமாகவே பிடரியில் போய்ச் சரியான இடத்தில் நின்றன. குழந்தையை உடனே அக்காவிடமே கொடுத்துவிட்டேன்.

"ஏன்டி?" என்றாள்.

"கை சில்லுனு இருக்குக்கா" என்றேன்.