அந்தோணியின் இடத்தில் ஆஜர்

இராயபுரத்துத் தொழிற்சாலையில் ஒருவர் பெயரைக் கூப்பிட்டால் அவரேதான் ‘ஆஜர்’ சொல்ல வேண்டுமென்பதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்து, இங்கே வருகைப் புத்தகம் எழுதும் எனக்கு முதல் வாரமே இது தெரிந்தது. “அந்தோணி” என்றேன். அவன் மைத்துனன் சவரி, அந்தோணியின் எண் பொறித்த பித்தளை அடையாள வில்லையை மேசைமேல் வைத்தான்.

“மாமாவுக்குக் காய்ச்சல் சாமி. அவுரு எடத்துல நான் நின்னுகினு கீறேன்.”

நான் அதைத் திருட்டுத்தனம் என்றே எண்ணினேன். நம்மூர்ப் பள்ளிக்கூடத்தில் இப்படிச் செய்தால் பிரம்பு முறியும். மேஸ்திரி சவரியை உள்ளே விட்டார். நானோ காய்ச்சல் நீடித்த மூன்று வாரமும் அந்தோணி ‘வரவில்லை’ என்றே எழுதினேன். குணமாகி வந்தபோது அவன் சேவைப் படிவத்தில் ‘கண்டினியுவேஷன்’ என்று அழகாக எழுதினேன். இங்கிலீஷ் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்ற கர்வம்!

மறுநாளே அவன் மனைவி மரியம்மா அலுவலக வாசலில் நின்றாள்.

“இன்னா சாமி இது? சாயங்காலத்துக்குள்ள வூட்டைக் காலி பண்ணச் சொல்றாங்கோ. எம் புருசன் எடம் ஒரு நாளாச்சும் காலியா இருந்துச்சா?”

தலைமைக் குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றினார். “அறாமல் நீடித்தால் கண்டினியூவன்ஸ். நின்றுபோனதை மறுபடி தொடங்கினால் கண்டினியுவேஷன். உம்முடைய ஒரு சொல்லால் இருபது வருஷ ஊழியன் இன்றைக்குப் புது ஆள். புது ஆளுக்குக் கம்பெனி வீடு கிடையாது.”

வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. மணி மூன்று. அந்தோணியின் வில்லையையும் அந்தப் படிவத்தையும் எடுத்துக்கொண்டு மானேஜர் துரையின் அறைக்குள் போனேன். ஆள் மாறினாலும் வில்லை ஒருநாளும் தவறவில்லை, பிழை என்னுடையது என்றேன். துரை படிவத்தை வாங்கிக்கொண்டார்.

“அவன் மெஷின் நின்றதா?”

“ஒருநாளும் நிற்கவில்லை, ஐயா.”

நான் எழுதியதை அடித்துவிட்டுச் சிவப்பு மையில் ‘கண்டினியூவன்ஸ்’ என்று எழுதினார். “இன்னொரு பிழை செய்தால் உனக்கு இந்த இரண்டு சொல்லுமே கிடையாது” என்றார்.

அன்று மாலை அம்மாவின் கடிதம் வந்திருந்தது. அப்பாவின் ஆண்டுத் திவசம் முடிந்ததாம். “மூத்தவன் நீ இருக்க வேண்டிய பலகையில் சின்னவனை இருத்தினோம். ஒரு குறையுமில்லை.” ஒரு குறையுமில்லை என்பதுதான் என்னை அழ வைத்தது. கடல் கடந்து வந்தவர்கள் எல்லோருக்கும் இப்படியொரு கடிதம் வந்திருக்கும்.

மறுநாள் காலை “அந்தோணி” என்று கூப்பிட்டேன். சவரி இல்லாமல் அந்தோணியே “ஆஜர்” என்றான். அடுத்த பெயரைக் கூப்பிட்டேன். அங்கே யாழ்ப்பாணத்தில் என் பெயருக்குத் தம்பி ஆஜர் சொல்லிக்கொண்டிருக்கிறான்.