அத்தாவின் லுஹர்

கரி போட்ட இஸ்திரிப் பெட்டி ஈரத் துணியின்மேல் ஏறும்போது எழும் வாசனையில் கஞ்சியும் புகையும் லேசான கருகலும் கலந்திருக்கும். எனக்குப் பத்து வயது முடிந்த அந்தக் கோடை விடுமுறை முழுவதும் எங்கள் வீட்டில் அந்த வாசனை மட்டும்தான் இருந்தது. தாளிக்கிற வாசனை இல்லை. பரீட்சை முடிவதற்கு இரண்டு வாரம் முன்பு அம்மா மஞ்சள் காமாலையில் "மவுத்தாகி"ப் போயிருந்தார்.

செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் எங்கள் தையல் கடை. முன்னறையில் இரண்டு மிஷினும் ஒரு வெட்டுப் பலகையும், பின்னறையில் வீடு. ஆசிரமத்துக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களும் வடநாட்டுக்காரர்களும் வெள்ளை ஜிப்பாவும் தொளதொள பைஜாமாவும் தைக்கக் கொடுப்பார்கள் என்பதால் அலமாரியில் எப்போதும் வெள்ளைத் துணிதான் அடுக்கியிருக்கும். அம்மாவைச் சுற்றி அடக்கம் செய்வதற்கான கஃபன் துணியை அத்தா அதிலிருந்தே வெட்டினார். அவர் வெட்டித் தைக்காமல் விட்ட துணி எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். அவர் அழவில்லை, நானும் அழவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் நம்முடையது இல்லை என்பதுபோல இருக்குமே, அப்படித்தான் அந்த வீடு இருந்தது. மறுவாரமே மிஷின் ஓடியது, அளவெடுத்தார், துணி வெட்டினார், கேட்டதற்குப் பதில் சொன்னார்.

ஆனால் தொழுகையில் மட்டும் அவருக்கு எண்ணிக்கை தப்ப ஆரம்பித்தது. நின்று ஓதி, குனிந்து, பிறகு இரண்டு முறை நெற்றியைத் தரையில் வைத்து ஸஜ்தா செய்து எழுவது ஒரு ரக்அத். மதியத் தொழுகையான லுஹருக்கு அப்படி நாலு. பள்ளிவாசலில் ஜமாஅத்தோடு, எல்லோருடனும் சேர்ந்து தொழுதால் எண்ணுகிற வேலை இமாமுடையது, பின்னால் நிற்பவருக்குக் கவலையில்லை. எங்கள் கடையிலிருந்து பள்ளிவாசல் ஊருக்குள் வெகுதூரம். அம்மா இருந்தவரை கடையை அவரிடம் விட்டுவிட்டு அத்தா சைக்கிளில் போய்விடுவார். இப்போது என்னைத் தனியாக விட்டுப் போக மனம் இல்லாமல் வெட்டுப் பலகைக்குப் பக்கத்திலேயே தொழுகை விரிப்பான முஸல்லாவை விரித்துக்கொண்டார். தனியாகத் தொழும்போது ஸஜ்தாவிலிருந்து எழுந்தவர் இது இரண்டாவதா மூன்றாவதா என்று தெரியாமல் அப்படியே நிற்பார், பிறகு தொழுகையை முறித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். சில நாள் லுஹர் மூன்று மணி வரைக்கும் இழுத்துக்கொண்டு போகும். வெள்ளைக்காரர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு மரியாதையாக நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

பக்கத்தில் இளநீர் விற்கிற அம்சா அக்காதான் எங்களுக்குப் பெரும்பாலும் சோறு கொண்டுவருவார். ஒரு நாள் தூக்குவாளியை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் காத்திருந்தவர் பொறுக்காமல் கேட்டேவிட்டார்.

"இன்னா பாய், இன்னும் முடியலையா? உங்க சாமி இன்னா கணக்கு வாத்தியாரா, ஒண்ணு கொறஞ்சா பெஞ்சு மேல ஏத்தி நிக்க வைக்கறதுக்கு?"

"அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான் அம்சா. எனக்குத்தான் மனசு அடங்கல."

"அடங்கலன்னா சோத்தத் துன்னுட்டு நில்லுங்க. ரசம் ஆறிப்போவுது."

ஜிப்பா தைக்க வந்த, பள்ளிவாசலில் தொழ வைக்கிற ஹஜ்ரத்திடமும் அத்தா சொல்லிப் பார்த்தார். கைகளை விரித்து அளவுக்கு நின்றபடியே ஹஜ்ரத் பதில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"இதுக்குப் போய் ஏன் பாய் இவ்ளோ கஷ்டப்படறீங்க? மூணா நாலான்னு சந்தேகம் வந்தா கம்மியா வெச்சுக்கோங்க. மூணுன்னு வெச்சு இன்னொண்ணு தொழுதுட்டு, கடைசியில மறதிக்கு ரெண்டு ஸஜ்தா செஞ்சா முடிஞ்சுது. அல்லா லேசா வெச்சத நாம ஜாஸ்தி ஆக்கிக்கக் கூடாது."

"மூணா நாலான்னா பரவால்லீங்களே ஹஜ்ரத். எனக்கு ஒண்ணா நாலான்னே தெரியலீங்க."

ஹஜ்ரத் விரித்த கைகளைத் தாழ்த்திக்கொண்டார். பிறகு, "கழுத்து அளவையாவது எழுதி வெச்சுக்கோங்க" என்று சிரித்தார். அத்தாவும் சிரிக்க முயன்றார், வரவில்லை.

அக்கினி நட்சத்திரம் தொடங்கிய சமயம், ஒரு மதியம் மூன்று முறை ஆரம்பித்து மூன்று முறையும் முறித்த பிறகு, அத்தா முஸல்லாவைச் சுருட்டி அலமாரியில் துணிக்கட்டுகளுக்குப் பின்னால் செருகினார். அம்சா அக்காவிடம், "விட்டுடலாம்னு இருக்கேன் அம்சா. தப்புத் தப்பா தொழுது அவன ஏமாத்தறதுக்கு சும்மா இருந்துடலாம்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்குப் பயம் வந்திருக்காது. பொத்தான் அறுந்துபோச்சு என்று சொல்வதுபோலச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் கடைசி நாளுக்கு முதல் நாள் அம்மா அத்தாவிடம், "தொழுகைய விட்டுடாதீங்க. எனக்காகக் கேக்க வேற யாரு இருக்கா" என்று சொன்னபோது நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அத்தா தொழுவதை விட்டால் அம்மாவுக்காக துஆ கேட்க ஆளில்லை, கேட்க ஆளில்லாவிட்டால் அம்மா மண்ணுக்குள் தனியாக இருப்பார் என்று என் புத்திக்குப் பட்டது. நான் ஒருத்தி இருக்கிறேனே, நான் கேட்கலாமே என்று தோன்றவேயில்லை. குழந்தை கேட்பதெல்லாம் கணக்கில் சேருமா என்ன என்று நினைத்திருப்பேன்.

மறுநாள் பாங்கு நேரத்தில் முஸல்லாவை நானே எடுத்து விரித்தேன். பொத்தான் டப்பாவிலிருந்து நாலு கறுப்புக் கோட்டுப் பொத்தான்களை எடுத்து வலப்பக்கம் வரிசையாக வைத்துவிட்டு, "நீங்க தொழுங்க அத்தா. ஒவ்வொரு ரக்அத்து முடியறப்பவும் ஒண்ண உங்க முன்னாடி தள்ளறேன். அதப் பாத்துக்கோங்க" என்றேன். அத்தா என்னையும் பொத்தான்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கை, முகம், கால் கழுவி ஒளுச் செய்யப் போனார்.

அது வேலை செய்தது. இரண்டாவது ஸஜ்தாவிலிருந்து அவர் தலை உயர்ந்ததும் நான் ஒரு பொத்தானை நெற்றி படுகிற இடத்துக்குப் பக்கத்தில் நகர்த்துவேன். நிற்கும்போது பார்வை அங்கேதானே இருக்கும், அவர் பார்த்துக்கொள்வார். நாலும் சேர்ந்ததும் உட்கார்ந்து ஓதி, வலமும் இடமும் திரும்பி ஸலாம் கொடுத்து முடிப்பார். விஷயம் தெரிந்து ஹஜ்ரத் தலையைச் சொறிந்துகொண்டு, "கொஞ்ச நாளைக்கு இருக்கட்டும்" என்றார். அந்த நாட்களில் நான் அத்தாவின் கால் விரல்களையும் முதுகையும் பார்த்த அளவுக்கு வேறெதையும் பார்த்ததில்லை. தொழுகை என்பது ஒருவர் தவறாமல் செய்ய, இன்னொருவர் தவறாமல் பார்த்துக்கொண்டிருப்பது என்றுதான் அப்போது புரிந்து வைத்திருந்தேன்.

பள்ளிக்கூடம் திறக்கச் சில நாட்களே இருந்தபோது ஒரு மதியம் நான் தூங்கிவிட்டேன். வெயில், வயிறு நிறைந்த மோர்ச்சோறு, மிஷின் காலில் சாய்ந்த தலை. "அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹ்" என்ற குரலில் திடுக்கிட்டு விழித்தபோது, வலப்பக்கம் திரும்பிய அத்தாவின் முகம் நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. முஸல்லாவில் இரண்டே பொத்தான்கள். அவர் எத்தனை தொழுதார் என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது. தெரியாது என்று சொன்னால் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார், மறுபடி முறிப்பார், முஸல்லா மறுபடி அலமாரிக்குள் போகும். நான் நாலு விரலைத் தூக்கிக் காட்டினேன்.

அத்தா என் விரல்களைப் பார்த்தார். பிறகு முகத்தை இடப்பக்கம் திருப்பி ஸலாம் கொடுத்து முடித்தார். கைகளை ஏந்தி வெகுநேரம் துஆ கேட்டுவிட்டு, நாலு பொத்தான்களையும் பொறுக்கி அவரே டப்பாவில் போட்டார். மறுநாளிலிருந்து பொத்தான் வைக்கச் சொல்லவில்லை. அவருக்கு எண்ணிக்கை தப்பவும் இல்லை.

தப்பித்தேன் என்றுதான் இருந்திருக்க வேண்டும். ஆனால் அல்லாவின் முன்னால், தொழுகை முடியாத நேரத்தில், விரலால் பொய் சொல்லியிருக்கிறேன். அத்தாவின் ஒரு லுஹர் நிறைவேறாமல் போயிருந்தால் அது என் கழுத்தில். விட்டுப்போன தொழுகையைப் பிறகு "களா"வாகத் தொழலாம் என்று மதரஸாவில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். யாருடையதை யார் தொழலாம் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. அன்று சாயங்காலம் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு, "அத்தாவோட லுஹர்" என்று மனதில் நிய்யத்து வைத்து நாலு ரக்அத் தொழுதேன். ஒரு தடவை போதும் என்று உறுதியாகத் தெரியாததால் மறுநாளும் தொழுதேன். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. பெரியவளாகி, கீழ்பென்னாத்தூருக்கு வாக்கப்பட்டு, இரண்டு பிள்ளை பெற்ற பிறகும், விலக்குள்ள நாட்கள் போக, என் லுஹரைத் தொழுத கையோடு இன்னொரு நாலு ரக்அத். மாமியார் அதை நானாக விரும்பித் தொழுகிற ஏதோ நஃபில் என்று நினைத்து ஊரெல்லாம் என்னைப் பற்றிப் பெருமை பேசினார். எனக்குக் கூசும். என் கடமையைத் தொழும்போது அடுப்பு, பால், பிள்ளையின் இருமல் எல்லாம் வந்துபோகும். அந்த நாலில் மட்டும் ஒன்றும் வராது. மன்னிப்பானா மாட்டானா என்கிற பயம் ஒன்றுதான் இருக்கும், அந்தப் பயத்தோடு நிற்கும்போது அவன் எதிரிலேயே இருப்பதுபோல இருக்கும்.

கண் மங்கித் தையலை விட்ட பிறகு அத்தா என் வீட்டுக்கு வந்துவிட்டார். ஒரு நாள் மதியம் நான் ஸலாம் கொடுத்து எழுந்து, மறுபடி தொழக் கையை உயர்த்தித் தக்பீர் கட்டப்போனபோது, "தெனமும் என்னம்மா இது, கூட நாலு?" என்று கேட்டார். பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்.

"பைத்தியமே, நீ ரெண்டாவதுலயே தூங்கிட்ட. கொறட்டை வேற" என்றார் அத்தா. "நாலுதான் தொழுதேன். நானே எண்ணிட்டேன்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீதான் வெரலத் தூக்கிட்டியே. சரியாத்தானே காட்டின." கொஞ்ச நேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். "அதுவரைக்கும் ஒவ்வொரு ஸஜ்தாவுலயும் உங்கம்மா மொகம் வந்துடும்மா. அல்லாகிட்ட நின்னுகிட்டு அவகிட்ட பேசினு இருந்தேன். எந்திரிச்சா எத்தனைன்னு தெரியாது. அன்னிக்கு அவ வரல. நாலும் பளிச்சுன்னு தெரிஞ்சுது."

"சந்தோஷமா இருந்துச்சா அத்தா?"

"இல்ல. அன்னிக்குத்தான் அவ போனா." பிறகு சொன்னார்: "அவன் மட்டும்தான் இருந்தான். இனிமே அவன்கிட்டதான் பேசணும்னு பேச ஆரம்பிச்சேன். அவ்ளோதான்."

ஒருத்தர் தொழுகையை இன்னொருத்தர் தொழ முடியாது, விட்டுடு என்றும் சொன்னார். அன்றோடு விட்டுவிட்டேன்.

அத்தா மவுத்தாகி ஆறு வருஷம் ஆகிறது. ஆசிரமத்துப் பக்கம் போனால் எங்கள் கடை இருந்த இடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட காபிக் கடை இருக்கிறது; அம்சா அக்காவின் இளநீர் வண்டியும் இல்லை. அதெல்லாம் போனது பற்றி எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. நான் தேடுவது அந்த நாலு ரக்அத்தைத்தான். ஐந்து வேளையும் விடாமல் தொழுகிறேன், எண்ணிக்கை தப்பியதே இல்லை. அத்தாவைக் குளிப்பாட்டி வைத்திருந்த மதியம்கூட, பக்கத்து அறையில் லுஹரைச் சரியாக நாலு தொழுதேன். அவர் முகம் வரவில்லை. நெற்றியைத் தரையில் வைத்துக்கொண்டு அதற்காகக் காத்திருந்தேன், வரவில்லை.

இது ஈமான் என்கிற நம்பிக்கையின் உறுதியா, உள்ளே மரத்துப்போனதா என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டில் பேத்தி ஓடியாடுகிறாள், உலை கொதிக்கிறது, நான் தொழுது முடிக்கிறேன். அதன் பிறகு முஸல்லாவை மடிக்காமல், நாலு ரக்அத்துக்கு ஆகிற நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். கேட்பதற்குக் கையை ஏந்துகிறேன், என்ன கேட்பது என்று தெரிவதில்லை. அவனுக்குத் தெரியும் என்று அப்படியே ஏந்தி வைத்திருக்கிறேன்.