காம்போதியில் மூன்று வெற்று மடிப்புகள்

என் அக்கா திருவள்ளூர் கோர்ட்டில் டைப்பிஸ்ட். ஞாயிற்றுக்கிழமை காலையில் புத்தகம் செய்வாள். அதில் ஓர் எழுத்துகூட இருக்காது. ரேடியோவில் கச்சேரி தொடங்கியதும் நீளமான காகிதத்தை விரித்துப் பென்சிலை வைப்பாள். பாடுகிறவரின் குரல் ஏறினால் கோடு ஏறும், நின்றால் நிற்கும். பிறகு வண்ணம் தீட்டி, விசிறி போல மடித்து, இரு முனையிலும் அட்டை ஒட்டுவாள். அட்டை என் பொறுப்பு. எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த பட்டறைகளில் ஒன்று அட்டைப்பெட்டி செய்தது. நான் ஒரு நாளிதழுக்கு அந்தப் பக்கத்துச் செய்திகளை எழுதி வந்தேன். கழிவுத் துண்டுகளை அள்ளிக்கொள்ள விட்டார்கள்.

அக்காவுக்கு மிகவும் பிடித்த பாடகர் ஒருவர் அந்த வருடம் எங்கள் ஊர் உற்சவத்துக்குப் பாட வருவதாக இருந்தது. அவர் கையில் அவர் பாடிய காம்போதி ராகத்தையே புத்தகமாகக் கொடுக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அதற்கு இரண்டு வாரம் முன்பு ரேடியோவில் அவர் காம்போதி ஆலாபனை செய்தார். பாதியில் கரண்ட் போய்விட்டது. திரும்பி வந்தபோது ஆலாபனை முடியும் இடத்தில் இருந்தது. நடுவே மூன்று மடிப்பு காலி.

"நீயே எதையாவது போட்டுடேன். யாருக்குத் தெரியும்?" என்றேன்.

"பேசாத பேச்சைப் பேசினதா நீ எழுதுவியா?"

ஒரு தடவை எழுதியிருக்கிறேன். அது அவளுக்குத் தெரியும்.

எங்கள் தெருவில் விசாரித்தோம். எல்லா வீட்டிலும் கரண்ட் போயிருந்தது. அந்த வாரம் லாரி வரிசையைப் பற்றி எழுத ஆந்திர எல்லையில் இருக்கும் எளாவூர் செக்போஸ்டுக்குப் போனேன். அங்கே ஒரு டீக்கடையில் பேட்டரியில் ஓடும் டிரான்சிஸ்டர் இருந்தது. அன்றைய கச்சேரியை முழுசாகக் கேட்டதாகக் கடைக்காரர் சொன்னார். வந்து அக்காவிடம் சொன்னேன்.

"நீ கேட்டுக்கினு வந்து சொல்றது வேணாம். நானே அவரைக் கேக்கறேன்" என்றாள்.

அடுத்த ஞாயிறு இருவரும் பஸ் மாறிப் போனோம். கடைக்காரர் அவளை பெஞ்சில் உட்காரச் சொன்னார்.

"இன்னாத்த சொல்றதும்மா. மேல போனாரு. போய்க்கினே இருந்தாரு. நான் டீ ஆத்திக்கினே நின்னுட்டேன். கிளாஸ்ல ஊத்தணும்னே தோணல."

பக்கத்தில் இருந்த லாரி டிரைவர் சொன்னார்: "ஊத்தவே இல்லம்மா. 'நைனா, டீ தர்றியா, நான் ஆந்திரா போய்க் குடிச்சுக்கட்டுமா'ன்னு கேட்டேன்."

"எவ்ளோ உசரம் போனாரு?" என்றாள் அக்கா.

கடைக்காரர் குவளையை எடுத்து டீயை ஆற்றிக் காட்டினார். கை தலைக்கு மேல் போய் அங்கேயே நின்றது. அக்கா கொண்டுவந்திருந்த காகிதத்தின் காலி மடிப்புகளில், அந்தக் கையைப் பார்த்தபடி கோடு போட்டாள்.

"அப்புறம்?"

"இருமினாரு."

"யாரு?"

"பாட்றவருதான். ஒரே ஒரு இருமல். இருமிட்டு, எங்க வுட்டாரோ அங்கியே புடிச்சாரு பாரு, அதாம்மா ஷோக்கு."

அக்கா உச்சியில் ஒரு புள்ளி வைத்தாள். வீட்டுக்கு வந்து, அந்த மூன்று மடிப்புக்கு மட்டும் டீ டிகாக்ஷனைத் தொட்டு வண்ணம் தீட்டினாள்.

உற்சவத்தன்று மாலை, மேடைக்குப் பின்னால் பாடகரிடம் புத்தகத்தைக் கொடுத்தாள். அவர் மடிப்பு மடிப்பாக விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். புள்ளியில் விரல் நின்றது.

"இது என்னம்மா?"

"நீங்க இருமினது."

அவர் தம்பூரா போடுபவரைத் திரும்பிப் பார்த்தார். "யாருக்குமே தெரியலைன்னு சொன்னியேப்பா." பிறகு அக்காவிடம், "இருமல் இல்லாம ஒண்ணு போட்டுக் கொடுங்களேன்" என்றார்.

"நீங்க இருமாம பாடுங்க, போட்டுத் தர்றேன்."

அவர் சிரித்துக்கொண்டே புத்தகத்தைத் தன் பையில் வைத்துக்கொண்டார். அன்று மறுபடி காம்போதியையே எடுத்தார். அக்கா முன்வரிசையில் காகிதத்தோடு இருந்தாள். உச்சிக்குப் போய் நின்றார், இருமவில்லை. எனக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். திரும்பினால், நாங்கள் அழைத்திருந்த எளாவூர் டீக்கடைக்காரர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

அக்காவைப் பார்த்தேன். புள்ளியை வைத்துவிட்டு அவள் கோட்டைத் தொடர்ந்துகொண்டிருந்தாள்.