திண்டுக்கல்லில் கட்டிய இரண்டு படகுகள்

போன வாரம் பல் டாக்டரிடம் போயிருந்தேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மாடியில் ஒரு சின்ன கிளினிக். என் பொய்ப்பல் விரிசல் விட்டிருந்தது. டாக்டர் பெண் ஒரு கிண்ணத்தில் பொடியைக் கொட்டி, ஏதோ திரவம் ஊற்றிக் குழைத்தாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு வயது இருபத்து மூன்றாகிவிட்டது.

"முன்பல்லு எப்படி சார் போச்சு? பைக்ல விழுந்தீங்களா?"

"படகால போச்சும்மா."

"திண்டுக்கல்லுலயா?" என்று சிரித்தாள். நல்லவேளை, அதற்குள் வாயில் பஞ்சைத் திணித்துவிட்டாள். அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

தாடிக்கொம்பு ரோட்டில் ஒரு ஃபைபர் பட்டறை இருந்தது. தண்ணீர்த் தொட்டி, குளியலறைக் கதவு, கிறிஸ்துமஸ் குடிலுக்கு ஆடுமாடு, எல்லாம் செய்வார்கள். டிப்ளமோ முடித்த கையோடு அளவெடுத்து வரைபடம் போடும் வேலைக்கு அங்கே சேர்ந்தேன். எங்கள் வீடு மல்லிகைத் தோட்டக்காரர்கள் வீடு. அங்கிருந்து, ஃபைபரை ஒட்டும் ரெசின் பசையின் வாடைக்குள் போனவனுக்கு மூக்கு இரண்டே மாதத்தில் செத்துப்போனது. அம்மா என்னை வாசலில் உட்கார வைத்துத்தான் சோறு போடுவாள். "வெஞ்சனத்துல கூட அந்த நாத்தம் ஏறுதுடா" என்பாள்.

முதலாளி அந்தோணி, வளைகுடா நாட்டில் படகு கட்டும் தளம் ஒன்றில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்துத் திரும்பியவர். சட்டென்று கை ஓங்கிவிடுவார். ஒருமுறை ரெசினில் அதை இறுக வைக்கும் ஹார்ட்னரை ஒரு மூடி அதிகம் ஊற்றிவிட்டேன். வாளி கொதித்துப் புகைந்தது. அவர் அறைந்ததில் இரண்டு நாள் காதுக்குள் வண்டு பறந்தது. தொழில் இப்படித்தான் படியும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு புத்திசாலி நான்.

அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா பத்து மணிக்கு டீ கொண்டுவருவார். சில நாள் மணிக்கட்டில் கட்டு இருக்கும், சில நாள் புருவத்தில் பிளாஸ்திரி. கேட்டால், "வழுக்கி விழுந்துட்டேன் தம்பி" என்பார். நானும் தலையாட்டிவிட்டு டீயைக் குடிப்பேன். அக்காவின் தம்பி சேவியரும் அதே பட்டறையில்தான் இருந்தான். அவன் மட்டும் டீயைத் தொடமாட்டான். கையில் இருக்கும் சுத்தியலையே பார்த்துக்கொண்டிருப்பான்.

ஒருநாள் பழனிப் பக்கத்து லாட்ஜ்காரர் ஒருவர் வந்தார். கிழக்குக் கடற்கரையில் விடுதி கட்டுகிறாராம். விருந்தாளிகள் இரண்டு மூன்று நாள் கரையோரமாகச் சுற்றிவர பாய்மரப் படகு வேண்டுமாம், பத்து. "ரெண்டு மாதிரி செஞ்சு காட்டுங்க. கடல்லயே ஓட்டிப் பாத்து ஒண்ண எடுத்துக்கறனுங்க" என்றார்.

அந்தோணி அண்ணன் பெரியதைக் கட்டினார். அதற்கு மனைவியின் பெயரையே எழுதினார். இருபதடி நீளம், உள்ளே ஓர் அறை, இருவர் கால் நீட்டிப் படுக்கலாம், அடுப்புக்கு ஒரு மேடை. அடியில் இரும்பு வைத்து இறக்கிய தண்டு. அலையில் லேசில் ஆடாது. நாலு கேன் தண்ணீர் ஏற்றினால் மூன்று நாள் கரையே வேண்டாம். ஆனால் ஒரு டன்னுக்கு மேல் எடை. ட்ரெய்லரில் ஏற்ற ஆறு பேர் வேண்டும். ஆழமில்லாத கரையில் இறக்கவும் முடியாது.

சேவியர் கட்டியது பதினான்கடி. அறை கிடையாது, படுக்க வேண்டுமென்றால் மேலே தார்ப்பாய் கட்டிக்கொள்ள வேண்டும். உட்கார்ந்து போவது மினி பஸ் படிக்கட்டில் தொங்குவதைப் போலத்தான். பொழுது சாய்வதற்குள் கரை பிடித்தாக வேண்டும். ஆனால் அடித்தண்டுக்குப் பதில் தூக்கி இறக்கும் பலகை வைத்திருந்தான். முழங்கால் தண்ணீரிலும் போகும். இரண்டு பேர் ட்ரெய்லரில் தள்ளிவிடலாம், கால் மணி நேரத்தில் பாய்மரத்தை நட்டுவிடலாம்.

"மாமா, நம்ம ஊர்ல கடல் இல்ல. இது தண்ணில ஓடுறதுக்கு முன்னாடி ரோட்டுல ஓடணும். கெஸ்ட்டுங்களும் ஊர் ஊரா இழுத்துட்டுப் போவாங்க."

"ரோட்டுல ஓடுறதுக்கு லாரி இருக்குடா. கடல்ல மனுசன் நிம்மதியாப் படுக்கணும்."

"நிம்மதியாப் படுக்குறத நீங்க பேசாதீங்க மாமா."

அண்ணன் கையிலிருந்த இரும்பு உருளையை வீசினார். சேவியர் குனிந்தான். அவன் பின்னால் இருந்த தொட்டியில் உருளை ஓட்டை போட்டது. நாங்கள் ஏழு பேரும் தலையைக் குனிந்து உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தோம். படகுக்குத்தான் சண்டை என்று அன்றைக்கும் நம்பினேன்.

கடலுக்குக் கிளம்பிய நாள் காலை, பெரிய ட்ரெய்லரின் கொக்கியை சேவியர் குனிந்து பார்த்தான். "மாமா, பின்னு தேஞ்சிருக்கு. மாத்திட்டுப் போவோம்."

"எனக்கு நீ சொல்லித் தர்றியா? ஏறுடா வண்டில."

முன்னால் அண்ணனின் ஜீப் பெரியதை இழுத்துப் போனது. பின்னால் சின்னதை இழுத்துக்கொண்டு சேவியரும் நானும். நத்தம் ரோட்டில், கோபால்பட்டி தாண்டி ஓர் இறக்கம். பெரிய படகு இடமும் வலமும் ஆடத் தொடங்கியது. சேவியர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. பட்டென்று ஒரு சத்தம். ட்ரெய்லர் கழன்று, எதிர்ப்பக்கம் பாய்ந்து, தோப்போரத்து மாமரத்தில் மோதியது. ஃபைபர் கிழிவதை நீங்கள் கேட்டிருக்கமாட்டீர்கள். எலும்பு முறிகிற மாதிரியே இருக்கும். ஐந்து மாத வேலை நடுவில் பிளந்து கிடந்தது. மரத்தடியில் வெள்ளரிக்காய் விற்றுக்கொண்டிருந்த அம்மாள் ஒரு கை தூரத்தில் தப்பித்து, மண்ணில் உட்கார்ந்தபடி எங்கள் ஏழு தலைமுறையையும் ஏசினாள்.

அண்ணன் ஜாக்கி லிவரோடு இறங்கினார். "கொக்கிப் பின்ன நீதான்டா களட்டி வச்ச!" என்று கத்திக்கொண்டு வந்தார். எனக்கு அன்று என்ன வீரம் வந்ததோ, நடுவில் போய் நின்று, "அண்ணே, அவரு காலைலயே சொன்னாருண்ணே" என்றேன். லிவர் என் வாயில் இறங்கியது. வலி உடனே தெரியவில்லை. வாய் முழுக்கச் சூடு, நாக்கில் ஏதோ கல் மாதிரி உருண்டது. துப்பினேன். என் பல்.

அதைப் பார்த்ததும் சேவியர் லிவரைப் பிடுங்கினான். முதல் அடி முழங்கையில் விழுந்தது. இரண்டாவது அதே இடத்தில். அண்ணன் கீழே விழுந்த பிறகும் அவன் நிறுத்தவில்லை.

"இது படகுக்கு இல்ல மாமா! எங்கக்கா புருவத்துக்கு! இது அவ கைக்கு!"

தோப்பிலிருந்து ஓடிவந்தவர்கள் நாலு பேர் அவனைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார்கள். கைலியால் வாயைப் பொத்திக்கொண்டு நான் ரோட்டில் உட்கார்ந்திருந்தேன். கூச்சமாக இருக்கிறது, ஆனால் சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டாவது அடி எனக்கும் பிடித்திருந்தது.

திண்டுக்கல் பெரியாஸ்பத்திரியில் அண்ணனுக்குக் கையில் மாவுக்கட்டு போட்டார்கள். போலீஸ்காரர் ஒருவர் நோட்டோடு வந்து, எப்படி அடிபட்டது என்று கேட்டார். மச்சினன் கையால் வாங்கிய அடியைச் சொல்ல அண்ணனுக்கு வெட்கம்.

"ஆக்சிடென்ட் ஆன பதட்டத்துல வழுக்கி விழுந்துட்டேன் சார்."

அப்போதுதான் ஸ்டெல்லா அக்கா உள்ளே வந்தார். அந்தச் சொல்லைக் கேட்டதும் சிரித்தார். வார்டே திரும்பிப் பார்த்தது.

"எழுதிக்கங்க சார். இந்தாளு என்ன அடிச்சப்பல்லாம் இதே ஆஸ்பத்திரில நானும் அதத்தான் சொன்னேன். எங்க வீட்டுத் தரை அம்புட்டு வழுக்கல்."

என் வாயைப் பார்த்தார். சேலைத் தலைப்பால் என் தாடையைத் துடைத்துவிட்டு, வராண்டாவில் நின்ற தம்பியைக் கூட்டிக்கொண்டு போனார். அந்தோணி அண்ணன் கூப்பிட்டும் திரும்பவில்லை.

அன்றோடு முடிந்திருந்தால் நானும் நல்லவனாகவே இருந்திருப்பேன். பத்து நாள் கழித்து அண்ணன் என்னைப் பட்டறைக்குக் கூப்பிட்டார். கழுத்தில் கை தொங்கியது. பெரிய படகின் துண்டுகள் மூலையில் கிடந்தன. சின்னப் படகு நடுவில், கீறல்கூட இல்லாமல், ட்ரெய்லரில் நின்றது.

"வெட்டுறா" என்றார்.

"அண்ணே, இது நல்ல படகுண்ணே."

"தெரியும். வெட்டு."

வேலை போய்விடும் என்று பயந்தேனா, இன்னொரு அடி விழும் என்று பயந்தேனா, இன்றுவரை தெரியவில்லை. அவருக்கு ஒரு கைதான் இருந்தது, நான் ஓடியிருக்கலாம். கிரைண்டரை எடுத்தேன். வெள்ளைத் தூசி கண்ணிலும் தையல் போட்ட உதட்டிலும் ஒட்டியது. பலகையை, பக்கச் சுவரை, சேவியர் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிய மூக்கை, எல்லாவற்றையும் முழ நீளத் துண்டுகளாக்கினேன். அது ஒருநாளும் தண்ணீரைப் பார்க்கவில்லை. மறுநாள் வேலைக்குப் போகவில்லை, அதற்கு மறுநாளும். போகாமல் இருப்பது அவ்வளவு சுலபம் என்று ஒரு நாள் முன்னால் தெரிந்திருக்கக்கூடாதா?

சில வருடங்களுக்குப் பிறகு சின்னாளப்பட்டி நிறுத்தத்தில் ஸ்டெல்லா அக்காவைப் பார்த்தேன். ஒரு சேலைக் கடையில் வேலையாம். சதை பிடித்து, முகம் தெளிந்திருந்தது. சேவியர் கடற்கரைப் பக்கம் படகு பழுது பார்க்கிறானாம்.

"தம்பி, அவன் கட்டுன அந்தச் சின்னப் படகு என்னாச்சு? அடிக்கடி கேப்பான்."

"வித்துட்டாங்கக்கா."

"ஓடுதா?"

"நல்லா ஓடுதுக்கா."

"சொல்றேன். சந்தோசப்படுவான்" என்று என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, சேவியரின் போன் நம்பரைக் கொடுத்து பஸ் ஏறினார்.

பட்டறை இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபத்துக்குக் கார் நிறுத்துகிறார்கள். அந்தோணி அண்ணன் இறந்துவிட்டார். லாட்ஜ்காரர் விடுதி கட்டவே இல்லை என்று கேள்வி. பல் டாக்டரிடம் போய்வந்த அன்று மாலை, உண்மையைச் சொல்லிவிடுவது என்று அந்த எண்ணை அழுத்தினேன். ஒட்டன்சத்திரம் பக்கத்துக் குரல் ஒன்று, "ஏனுங்க, யாரு வேணுமுங்க?" என்று கேட்டது. அந்த எண் இப்போது ஒரு காய்கறி வியாபாரியிடம் இருக்கிறது.