அந்தரமாக் கிடக்கு

செங்கலடிச் சந்தியில் நான் வேலை பார்க்கும் புடவைக்கடைக்குள் யாராவது ஓடிவந்து, "அந்தரமா நாலு முழம் வெள்ளைத்துணி வேணும்" என்று கேட்டால், இன்றும் என் கண் முதலில் மேல்தட்டுக்குத்தான் போகிறது. திருநெல்வேலிச் சீமையில் நமக்கு அந்தரம் என்றால் ஆகாயத்துக்கும் தரைக்கும் நடுவில் தொங்குவது. இங்கே அது அவசரம். "அந்தரப்படாதீங்க, பஸ் நிக்கும்" என்கிறார் கண்டக்டர். போகிற இடத்திலும் தமிழ்தானே என்று மார்தட்டிக் கப்பலேறியவன் நான். அந்நிய பாஷையாக இருந்தால் வெட்கமில்லாமல் கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பேன். சொந்தப் பாஷையில் யாரிடம் போய் அர்த்தம் கேட்பது?

உலக யுத்தம் தொடங்கியபின் இந்தப் பக்கத்து ஆண்கள் பலர் திருக்கோணமலைத் துறைமுக வேலைக்குப் போய்விட்டார்கள். என் கையெழுத்து அழகு என்று பெயர் பரவியதால் அவர்களுடைய மனைவிமார் கடிதம் எழுத என்னிடம் வருவார்கள். வந்தாறுமூலைத் தங்கம்மாவும் ஒருநாள் வந்தாள். புருஷனின் தாய்க்குக் காய்ச்சல்.

"மாமிக்குச் சுகமில்ல. எனக்கு அந்தரமாக் கிடக்கு எண்டு எழுதுங்க. அது போதும்" என்றாள்.

இதைப் போய் அப்படியே எழுதுவதா என்று எனக்குத் தோன்றியது. கடிதத்தில் நல்ல தமிழ் இருக்கட்டுமே என்று, "மாமிக்குச் சுகமில்லை. எனக்கு மனம் சற்றுச் சஞ்சலமாக இருக்கிறது" என்று எழுதி ஒட்டிக் கொடுத்தேன். அவள் வாசிக்கத் தெரியாதவள். கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அவள் புருஷன் வந்தபோது தாயை அடக்கம் செய்து மூன்று நாளாகியிருந்தது. கடிதத்தோடு நேரே கடைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம்.

"சும்மா காய்ச்சலாக்கும் எண்டு இருந்திட்டன். அந்தரம் எண்டு ஒரு சொல்லுக் கிடந்திருந்தா அண்டைக்கே வெளிக்கிட்டிருப்பன். அவ ஏன் அதச் சொல்லயில்ல?"

"சொன்னாங்க. நான்தான் மாத்தி எழுதிட்டேன்."

"ஏன்?"

கடிதத்தை வாங்கி என் வரியையே மறுபடி வாசித்தேன். சாவு வரும் போலிருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லப் பயந்து, பயம், தவிப்பு, உடனே வா என்கிற அழைப்பு எல்லாவற்றையும் அந்த ஒரு சொல்லில் அவள் வைத்திருந்தாள். நான் அதைத் திருத்திவிட்டேன். என் அழகான கையெழுத்தை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருந்தது.

அன்றிலிருந்து சொன்னதைச் சொன்னபடிதான் எழுதுகிறேன். அந்த வாரம் ஊரிலிருக்கும் என் மனைவிக்கும் எழுதினேன். உறக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை, உன்னைப் பார்த்தால் தேவலை. இத்தனைக்கும் சேர்த்து "எனக்கு அந்தரமாக இருக்கிறது" என்ற ஒரு வரிதான் வந்தது. நம்மூர்த் தமிழில் வேறு சொல் அகப்படவில்லை.

ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது. "அந்தரத்தில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, மாடி வீட்டுக்குக் குடிபோய்விட்டீர்களா? சந்தோஷம். படி இறங்கும்போது முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்."